முதியவர்களுடன் ஆற்றோரமாக மிதிவண்டி ஓட்ட எந்தப் பாதை ஏற்றது?

மத்தியதரைக் கடலோர விளைநிலங்களின் ஊடே, மேடேறிக் களைக்காமல், அறுபதைத் தாண்டிய பெற்றோரையும் அழைத்துக்கொண்டு ஒரே நாளில் ஓட்டி முடிக்கும்படியான ஆற்றோரப் பாதை எது என்று கேட்டிருக்கிறீர்கள். ஸ்பெயினின் வலேன்சியா நகரை ஒட்டிய தூரியா ஆற்றுப் பாதையைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். அதில் மூன்று முறை சென்றிருக்கிறேன். ஒரு முறை என் மாமனாரும் உடன் வந்தார்.

பெரும்பாலோர் நகரிலிருந்து புறப்பட்டு மேற்கே சென்று திரும்புகிறார்கள். உங்களுக்கு அது வேண்டாம். மெட்ரோவின் 9ஆம் தடத்தில் மிதிவண்டியுடன் ஏறி, கடைசி நிலையமான ரிபரோஜாவில் இறங்கி, ஆற்றின் போக்கிலேயே நகரை நோக்கி வாருங்கள். தொலைவு ஏறத்தாழ 20 முதல் 25 கிலோமீட்டர். சரிவே தெரியாத அளவுக்கு நிலம் மெல்லத் தாழ்ந்துகொண்டே வரும். காலை ஒன்பது மணிக்குள் புறப்பட்டுவிடுவது நல்லது. வெயில் காலத்தில் நண்பகலுக்குப் பின் கடற்காற்று கிழக்கிலிருந்து எழுந்து, நகரை நோக்கி வருபவரின் முகத்திலேயே வீசும்.

பாதையின் பெரும்பகுதி இறுகிய மண்ணும் சரளையும்தான். ஒருபுறம் நாணலும் பாப்லர் மரங்களும் நிழல் தரும் ஆறு, மறுபுறம் ஆரஞ்சுத் தோப்புகள். ஏப்ரல் வாக்கில் சென்றால் பூ மணம் வழி நெடுகக் கூடவே வரும். குளிர்காலத்தில் பழம் காய்த்துத் தொங்கும், ஆனால் அவை ஒருவருடைய உடைமை என்பதால் கை வைக்கக் கூடாது. பாதர்னாவுக்கு அருகில் பைன் காடு ஒன்று வரும். இளைப்பாறுவதற்கு அதுவே சிறந்த இடம். மண்பாண்டத் தொழிலுக்குப் பெயர்பெற்ற மனீசெஸைக் கடந்த பின் நெடுஞ்சாலைகளும் விமான இரைச்சலும் குறுக்கிடும் சில கிலோமீட்டர்கள் அழகானவை அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆயினும் இந்தப் பாதையை நான் மற்றவற்றுக்கு மேலாக வைப்பது தண்ணீருக்காகவே. மேலே நிறைந்து ஓடும் ஆறு, கீழே வரவரத் தடுப்பணைகளில் தேங்கி, வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து வயலுக்குள் போய்விடுவதைக் கண்ணெதிரே பார்த்துக்கொண்டே வரலாம். அரபு ஆட்சிக் காலத்தில் வேரூன்றிய இந்தப் பாசன முறையை, 1238இல் நகரைக் கைப்பற்றிய அரகோன் மன்னர் முதலாம் ஜௌமே அப்படியே ஏற்று உறுதிப்படுத்தினார். குவார்த், மிஸ்லாதா, ஃபவாரா முதலிய எட்டு வாய்க்கால்களின் உழவர்கள் தேர்ந்தெடுக்கும் எட்டுப் பேர், வியாழன்தோறும் நண்பகலில் வலேன்சியா பேராலய வாயிலில் அமர்ந்து தண்ணீர் வழக்குகளை இன்றும் விசாரிக்கிறார்கள். அங்கே எல்லாமே வாய்மொழிதான், மேல்முறையீடும் கிடையாது. குற்றம் சாட்டப்பட்டவர் வலக்கரை வாய்க்காலைச் சேர்ந்தவராயின் தீர்ப்பை முன்மொழிவது இடக்கரைப் பிரதிநிதிகள் என்ற ஏற்பாட்டை எண்ணி வியந்திருக்கிறேன். 2009இல் யுனெஸ்கோ இந்தத் தண்ணீர் நீதிமன்றத்தை மனிதகுலத்தின் தொட்டுணர முடியா மரபுகளின் பட்டியலில் சேர்த்தது.

நகருக்குள் நுழைந்ததும் ஆறு மறைந்துவிடும். 1957 அக்டோபர் 14 அன்று வந்த பெருவெள்ளம் நகரை மூழ்கடித்ததால், ஆற்றையே தெற்கே புதிதாக வெட்டிய கால்வாய்க்குத் திருப்பிவிட்டார்கள். காய்ந்த பழைய படுகையில் நெடுஞ்சாலை போடும் திட்டத்தை மக்கள் எதிர்த்ததன் பயனாக, அது சுமார் 9 கிலோமீட்டர் நீளப் பூங்காவாயிற்று. தண்ணீரே இல்லாத ஆற்றின் நடுவில், பழைய கற்பாலங்களுக்கு அடியில் மிதிவண்டி ஓட்டியபடி பயணத்தை முடிப்பீர்கள்.

ஓர் எச்சரிக்கை உண்டு. 2024 அக்டோபர் 29இல் இம்மாகாணத்தில் 200க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட வெள்ளம், புதிய கால்வாயின் புண்ணியத்தால் நகர மையத்தை விட்டுவிட்டபோதிலும், ரிபரோஜா, விலமார்ச்சாந்த் பகுதிகளில் ஆற்றைக் கடக்கும் நடைபாலங்களை அடித்துச் சென்றது. ஆகவே எந்தப் பாலங்கள் திறந்திருக்கின்றன, எங்கே சுற்றிச் செல்ல வேண்டும் என்று ரிபரோஜாவில் விசாரித்த பின்னரே புறப்படுங்கள்.

மாற்று டியூப் ஒன்றும் காற்றடிக்கும் பம்பும் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள். வாடகை மிதிவண்டியில் இவை இருக்கும் என்று நம்பிப் போய், மாமனாரின் பின்சக்கரத்தில் காற்றிறங்கியபோது நடுவழியில் நின்றேன். டயரிலிருந்து அவர் பிடுங்கி எடுத்துக் காட்டியது நெருஞ்சி முள். அங்கும் அதே செடி மண்பாதை ஓரங்களில் படர்ந்து கிடக்கிறது. நல்லவேளையாக அவ்வழியே வந்த ஓர் உழவர் ஒட்டுப் போட்டுக் கொடுத்தார்.

புதன்கிழமை மிதிவண்டிப் பயணத்தை வைத்துக்கொண்டால், மறுநாள் நண்பகல் பேராலய வாயிலுக்குப் போகலாம். பல வாரங்களில் வழக்கே இராது. ஒவ்வொரு வாய்க்காலின் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுச் சில நிமிடங்களில் கலைந்துவிடுவார்கள். கூட்டம் கூடும் இடமாதலால் பெற்றோர் நின்று பார்க்க வசதியாகக் கால் மணி நேரம் முன்பே சென்றுவிடுங்கள்.