சபைப் பணத்தில் தொலைக்காட்சி நேரம் வாங்கலாமா?

கேள்வி: எங்கள் சபையின் சேமிப்பில் 9 லட்சம் ரூபாய் இருக்கிறது. ஒரு கிறிஸ்தவ சேனலில் வாரம் அரை மணி நேரம் வீதம், வாரத்துக்கு 25,000 ரூபாய் என்று 26 வாரங்களுக்கு ஸ்லாட் வாங்கித் தருவதாக ஓர் ஏஜென்ட் வந்திருக்கிறார். இரண்டு கோடிப் பேர் பார்ப்பார்கள் என்றும், பொழுதுபோக்குச் சேனலில் பத்து வினாடி விளம்பரமும் சேர்த்துத் தருவேன் என்றும் சொல்கிறார். கமிட்டியில் பாதிப் பேர் இது ஊழியம் என்கிறார்கள். ஏழைகளின் பணம் வீணாகிறது என்ற மற்றவர்களை ஒருவர் யூதாஸ் என்றே சொல்லிவிட்டார். பொருளாளராகிய நான் கையெழுத்துப் போடலாமா?

பதில்: இப்போதைக்குப் போடாதீர்கள். முதலில் யூதாஸ் என்ற சொல்லைக் கமிட்டி திரும்பப் பெறட்டும். பெத்தானியாவில் மரியாள் விலையுயர்ந்த நளதத் தைலத்தை இயேசுவின் பாதங்களில் பூசியபோது, அதை முந்நூறு பணத்துக்கு விற்றுத் தரித்திரருக்குக் கொடுத்திருக்கலாமே என்று யூதாஸ் கேட்டதையும், இயேசு மரியாளின் பக்கம் நின்றதையும் காட்டித்தான் தொலைக்காட்சிச் செலவை எங்கும் நியாயப்படுத்துகிறார்கள். மரியாள் பூசியது அவளுடைய சொந்தத் தைலம். உங்களிடம் இருப்பதோ, கூலி வாங்கிய கையோடு ஒரு பெண் நான்காக மடித்துக் காணிக்கைப் பையில் போட்ட பத்து ரூபாய். யோவான் 12ஆம் அதிகாரத்தில் குற்றம் சாட்டப்படுபவன் பணப்பையை வைத்திருந்தவன் என்பதைப் பொருளாளர்கள் மறக்கக் கூடாது.

திருச்சபை ஊடகத்துக்கு எதிரானது அன்று. 1975இல் திருத்தந்தை ஆறாம் பவுல், இந்த ஆற்றல் மிக்க சாதனங்களைப் பயன்படுத்தாவிட்டால் ஆண்டவர் முன்னிலையில் திருச்சபை தன்னைக் குற்றவாளியாக உணரும் என்று எழுதினார். இன்றைய மனிதன் போதகரைவிடச் சாட்சியாக வாழ்பவருக்கே செவிகொடுக்கிறான் என்பதும் அதே மடலில் உள்ளதுதான். அமெரிக்காவில் 2023 பிப்ரவரியில் சூப்பர் பவுல் என்ற அமெரிக்கக் கால்பந்து இறுதிப் போட்டியின் நடுவே இயேசுவைப் பற்றிய இரண்டு விளம்பரங்களுக்குச் சுமார் 2 கோடி டாலர் செலவிட்டபோது, அந்தப் பணத்தில் எத்தனை பேருக்குச் சோறு போட்டிருக்கலாம் என்று ஒரு சாராரும், மனந்திரும்புதலைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லையே என்று இன்னொரு சாராரும் வருந்தினார்கள். அங்கே பணம் கொடுத்தவர்களில் பெருஞ்செல்வந்தர்கள் உண்டு. உங்கள் சபையின் கணக்கு வேறு.

அந்தக் கணக்கைப் பார்ப்போம். 26 வாரங்களுக்கு 6,50,000 ரூபாய். அதன்மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி 1,17,000 ரூபாய். ஆக 7,67,000 ரூபாய். கேமரா, எடிட்டிங், பாடகர் குழுவின் போக்குவரத்து எதுவும் இதில் சேரவில்லை. இரண்டு கோடி என்பது அந்த சேனல் எட்டக்கூடிய இணைப்புகளின் எண்ணிக்கையை ஆட்கணக்காகப் பெருக்கிச் சொல்வது. அவர்களில் எத்தனை பேர் உங்கள் அரை மணி நேரத்தில் அந்த சேனலை வைத்திருப்பார்கள் என்று ஏஜென்ட் சொல்ல மாட்டார். நாடு முழுவதும் சில பத்தாயிரம் வீடுகளில் கருவி பொருத்தி எடுக்கும் பார்வையாளர் அளவீட்டில், சிறு சேனல் ஒன்றின் அரை மணி நேரத்துக்கு நம்பத்தக்க எண் கிடைப்பது அரிது.

பத்து வினாடி விளம்பரத்தை அடியோடு மறுத்துவிடுங்கள். கேபிள் தொலைக்காட்சி விதிகள், 1994, ஏழாம் விதியின்படி, முழுமையாகவோ பெரும்பாலுமோ சமய நோக்கில் அமைந்த விளம்பரத்துக்கு அனுமதி இல்லை. அரை மணி ஸ்லாட் நிகழ்ச்சி என்ற பெயரில் போகிறது. விளம்பரம் அப்படிப் போக முடியாது. முப்பது ஆண்டுகளாக இருக்கும் விதியைத் தேவையான நேரத்தில் மட்டும் நினைவுகூரும் ஒழுங்குமுறையையும், அதை எடுத்துச் சொல்லாமலே கட்டணம் பேசுகிறவர்களையும் எண்ணும்போது எனக்குப் பொறுமை போய்விடுகிறது. மாட்டிக்கொள்வது கடைசியில் சபைதான்.

ஜெபத்தால் சுகம் பெற்றவர்களின் சாட்சியைக் காட்டினால் போன் குவியும் என்றும் ஏஜென்ட் சொல்வார். நோய் தீர்க்கும் மாய வழிகளை விளம்பரப்படுத்துவதை 1954ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது என்பது ஒருபுறம் இருக்கட்டும். அதை நம்பி மாத்திரையை நிறுத்திய சர்க்கரை நோயாளி ஒருவரின் வீட்டுக்கு நான் துக்கம் கேட்கப் போயிருக்கிறேன். அதற்குமேல் எனக்குச் சட்டப் பிரிவு தேவைப்படவில்லை. உங்கள் அறக்கட்டளைக்கு, நன்கொடையாளருக்கு வரிச் சலுகை தரும் 80ஜி சான்று இருந்தால், ஆண்டு வருமானத்தில் 5 விழுக்காட்டுக்கு மேல் சமயப் பணிக்குச் செலவிடுவது அந்தச் சான்றுக்கே ஆபத்து. ஆடிட்டரைக் கேட்காமல் ஒரு ரூபாயும் எடுக்காதீர்கள்.

தொலைக்காட்சிச் செலவு தகும் என்று நான் மனமாரச் சொல்லும் இடம் ஒன்று உண்டு. திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமத்தில், இடுப்பெலும்பு முறிந்து மூன்று ஆண்டுகளாக ஆலயத்துக்குப் போக முடியாத ஒரு பாட்டி, ஞாயிற்றுக்கிழமை காலையில் வேதாகமத்தை மடியில் வைத்துக்கொண்டு, ஸ்டூல் மேலிருந்த டிவியில் ஜெபம் தொடங்கியதும் சேலைத் தலைப்பை எடுத்து முக்காடிட்டுக்கொண்டதைப் பார்த்தேன். அவர் பார்வையாளராக அங்கே இருக்கவில்லை, ஆராதனையில் இருந்தார். இப்படி முடங்கிக் கிடப்போருக்காகவும், சைகை மொழியில் ஆராதனை தேவைப்படுவோருக்காகவும் வாங்கும் நேரம் வீணன்று. ஆனால் அதற்கு இரண்டு கோடிப் பேர் வேண்டியதில்லை. உங்கள் சபையிலும் அக்கம்பக்கத்திலும் அப்படி எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று வீடுவீடாகப் போய் எண்ணினாலே போதும். பத்துப் பேர் என்றால் உள்ளூர் கேபிள்காரரிடமே பேசலாம். அவர்களுக்குப் போதகர் வாரம் ஒருமுறை நேரில் போக முடியுமானால் அதுவும் தேவையில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் கமிட்டி வேண்டும் என்றால், நான்கு வாரத்துக்கு மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். காசோலை சேனல் நிறுவனத்தின் பெயரில் இருக்கட்டும்; ஏஜென்டின் பெயரிலோ ரொக்கமாகவோ வேண்டாம். ஜிஎஸ்டி எண்ணுள்ள பில்லும், ஒளிபரப்பான நாளும் நேரமும் காட்டும் டெலிகாஸ்ட் சர்டிபிகேட்டும் வந்த பிறகே அடுத்த தவணை. வேதாகமத்தில் வரும் எத்தியோப்பிய மந்திரி ரதத்தில் உட்கார்ந்து ஏசாயாவை வாசித்துக்கொண்டிருந்தாலும், ஒருவன் எனக்குத் தெரிவிக்காவிட்டால் எனக்கு எப்படித் தெரியும் என்று நேரில் வந்த பிலிப்பைத்தான் கேட்டான். ஆகவே திரையில் காட்டும் எண்ணுக்கு இரவு பத்து மணிக்கு அழைப்பு வந்தால் எடுத்துப் பேசப்போகும் சபையார் நான்கு பேரின் பெயர்களைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, அவர்களிடம் கையெழுத்து வாங்குங்கள். நான்கு பேர் கிடைத்த பிறகு உங்கள் கையெழுத்தைப் போடலாம்.