பெரியப்பாவின் மெடிசின், தாத்தாவின் ட்ரயல், நடுவில் ஒரு பதினெட்டு வயது

அப்பாவுக்கு யாழ்ப்பாணம், அம்மா ஆங்கிலேயர். மகன் இங்கிலாந்து உதைபந்தாட்டத்தின் நான்காம் பிரிவான லீக் டூவில் ஆடும் கழகம் ஒன்றில் இரண்டு வருட ஸ்கொலர்ஷிப்பை, அதாவது இளம் வீரர் பயிற்சியை, முடிக்கிறான். தொழில்முறை ஒப்பந்தம் இல்லை என்று கழகம் சொல்லிவிட்டது. அன்றிரவே குடும்ப வாட்ஸ்அப்பில் பெரியப்பா: "இனியாவது படிக்கட்டும், மெடிசின் செய்யட்டும்." அம்மாவின் அப்பா மறுபக்கம்: "விடாதீர்கள், ஊர் ஊராய் ட்ரயலுக்கு அனுப்புங்கள்." (ட்ரயல் என்றால் கழகங்கள் ஆளை ஆடவிட்டுப் பார்க்கும் தேர்வு.) இரண்டுக்கும் நடுவில், பெற்றோரான நீங்கள் எனக்கு எழுதிய கடிதத்தில் கேட்பது, அவனுடைய இரண்டு வருடமும் வீண்தானா என்று.

வீண் இல்லை. ஆறுதல் அவ்வளவுதான், மிச்சம் எல்லாம் கணக்கு.

மகனிடம் இருப்பது விளையாட்டுப் பாடத்தில் பிடெக் டிப்ளோமா, ஏ லெவல் மட்டத்துத் தொழில்சார் தகுதி. (பெரியப்பா அதை ஊரில் சொல்லும் பி.டெக் என்று நினைத்துக்கொண்டிருந்தால் இன்றே திருத்திவிடுங்கள்.) அதை வைத்துக்கொண்டு மெடிசினுக்குள் நேரே நுழைய முடியாது. இரசாயனவியல், உயிரியல் ஏ லெவலுக்கு இரண்டு வருடம், மெடிசின் நுழைவுக்கான யுகேட் பரீட்சை, நேர்முகம். இடம் கிடைத்தால் ஐந்து வருடம், அதற்குப் பிறகு இரண்டு வருட ஃபவுண்டேஷன் பயிற்சி. 2025-26இல் கட்டணம் வருடத்துக்கு 9,535 பவுணாக இருந்தது. அந்தக் கணக்கில் முதல் நான்கு வருடத்துக்கே 38,140 பவுண் கடன், வாடகையும் சாப்பாடும் தனி. உயிரியல் புத்தகத்தை விரும்பித் திறக்கிற பிள்ளைக்கு இது பெறுமதியான செலவு. உங்கள் மூன்று பக்கக் கடிதத்தில் அவன் அப்படித் திறந்ததாக ஒரு வரி இல்லை.

இங்கே இடம் கிடைக்காவிட்டால் பல்கேரியா இருக்கிறது என்று அடுத்து யாராவது சொல்வார்கள். அந்தப் படிப்புக்கு இங்கிலாந்தின் மாணவர் கடன் கிடையாது. பல வீடுகளில் அதற்காக வீட்டுக் கடனைக் கூட்டுகிறார்கள். அவன் கேட்காத படிப்புக்கு வீட்டை அடகு வைக்காதீர்கள். இதில் என்னிடம் இரண்டாவது கருத்து இல்லை.

தாத்தாவுக்கும் இதே கண்டிப்புத்தான். விடுவிக்கப்படும் ஸ்கொலர்களுக்கு லீக் ஃபுட்போல் எஜுகேஷன் அமைப்பு நடத்தும் ட்ரயலுக்கு மகன் கட்டாயம் போகட்டும், கழகங்களின் ஆட்கள் அங்கே வந்து பார்ப்பார்கள். முன்பணம் கேட்கும் வெளிநாட்டு ட்ரயல் எதற்கும் ஒரு சதமும் வேண்டாம். ஆளை உண்மையாகவே வேண்டுகிற கழகம் ஆளிடம் காசு கேட்காது. அமெரிக்கக் கல்லூரி, விளையாட்டு விஞ்ஞானப் பட்டம் எல்லாம் உங்களிடம் பலரும் சொல்லியிருப்பார்கள், அவற்றை விடுகிறேன்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி வேறு. வீட்டின் பின்பக்கத்தை நீட்டிக் கட்டியபோது, கட்டியவரின் விலைப்பட்டியலில் இரண்டு இடத்தில் தொகை பிழை என்று மகன் கண்டுபிடித்ததாக அம்மா போகிற போக்கில் எழுதியிருக்கிறார். கட்டுமானத்தில் இதையே தொழிலாகச் செய்பவரைத்தான் கியூ.எஸ். என்கிறோம், குவான்டிட்டி சர்வேயர். கொழும்பிலும் வளைகுடாவிலும் அந்த வேலையில் இருக்கும் நம்மவர்கள் உங்கள் உறவிலேயே இருப்பார்கள்.

அதற்கு டிகிரி அப்ரெண்டிஸ்ஷிப் என்று ஒரு வழி இருக்கிறது. நிறுவனம் வேலைக்கு எடுத்து, கிழமைக்கு ஒரு நாள் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும். மாணவர் கட்டணம் ஒரு பவுண்கூடக் கட்டுவதில்லை, முதல் மாதமே சம்பளம் வரும். அப்ரெண்டிஸுக்குச் சட்டப்படியான குறைந்தபட்சம் 2025 ஏப்ரலில் மணிக்கு 7.55 பவுணாக இருந்தது, இந்த மட்டத்தில் பெரும்பாலும் அதைவிடக் கூடத்தான் கொடுக்கிறார்கள். ஏறத்தாழ ஐந்து வருடத்தில் பட்டமும், சர்வேயர்களின் தொழில் அமைப்பான ஆர்.ஐ.சி.எஸ். அங்கத்துவமும் கையில் இருக்கும். மெடிசின் வழியில் போனால் அதே ஐந்து வருடத்தில் அவன் மூன்றாம் ஆண்டு மாணவன், அதுவும் எல்லாம் முதல் தடவையே சரிவந்தால்.

இந்த வேலை திங்கள் முதல் வெள்ளி வரை. உதைபந்தாட்டத்தின் ஆறாம் படியான நேஷனல் லீக் நோர்த், சவுத் பிரிவுகளிலும் அதற்குக் கீழேயும் இருக்கும் பகுதிநேரக் கழகங்கள் பெரும்பாலும் செவ்வாய், வியாழன் மாலையில் பயிற்சி வைத்து, சனி மூன்று மணிக்கு ஆடுகின்றன. இரண்டும் பொருந்துவது இதனால்தான். ஃபிசியோதெரபியிலும் இதே மாதிரி அப்ரெண்டிஸ்ஷிப் உண்டு, ஆனால் வைத்தியசாலை ஷிஃப்ட் சனிக்கிழமையைத் தின்றுவிடலாம்.

விண்ணப்பத்துக்கு ஒரே கடைசித் திகதி கிடையாது. அரசின் அப்ரெண்டிஸ்ஷிப் தளத்திலும், பல்கலைக்கழக விண்ணப்பங்களுக்கான யுகாஸ் தளத்திலும் தேடுங்கள். பெரிய நிறுவனங்கள் இலையுதிர் காலத்திலேயே திறந்து குளிர்காலத்தோடு மூடிவிடும், சிறிய நிறுவனங்கள் கோடை வரைக்கும் எடுக்கும். மே மாதத்தில் அவன் குறிவைக்க வேண்டியவை இரண்டாவது வகை. பல இடங்களில் பிடெக் என்ன பாடம் என்று பார்ப்பதில்லை, மொத்தப் புள்ளியையும், பதினாறு வயதில் எழுதும் ஜி.சி.எஸ்.இ. கணிதம், ஆங்கிலத்தையும்தான் பார்க்கிறார்கள். சுயவிவரத்தில் ஸ்கொலர்ஷிப்பை "விளையாட்டு ஆர்வம்" என்ற கடைசி வரியில் தள்ளாதீர்கள். அதுவும் ஒரு அப்ரெண்டிஸ்ஷிப்தான். இரண்டு வருட முழுநேர வேலை என்று முதல் வரியிலேயே வரட்டும்.

பல்கலைக்கழக நாள் எந்த நாள் என்று நேர்முகத்திலேயே கேட்கச் சொல்லுங்கள். செவ்வாய் அல்லது வியாழன் என்றால் ஆறு மணிக்கு வகுப்பு முடிந்து ஏழரைக்கு மைதானத்தில் நிற்க முடியாது. இதைக் கேட்காமல் சேர்ந்தவர்கள்தான் ஒக்டோபரில் பயிற்சியைத் தவறவிட ஆரம்பிக்கிறார்கள். பயிற்சிக்கு வராதவனை எந்த மனேஜரும் சனிக்கிழமை இறக்க மாட்டார். கழகத்தைத் தெரிவுசெய்யும்போது எத்தனையாவது படி என்பதைவிட வேலையிலிருந்து ஒரு மணித்தியாலத்துக்குள் போகலாமா என்று பாருங்கள். பயிற்சி மைதானம் வேறு ஊரில் இருக்கலாம், அதையும் கேளுங்கள்.

கழகத்திலிருந்து ஒரு கடிதம் எழுத்தில் வாங்க வேண்டும்: விடுவித்துவிட்டோம், வளர்த்ததற்கான பயிற்சி இழப்பீட்டை அடுத்த கழகத்திடம் கோர மாட்டோம் என்று. அது கையில் இருந்தால் அடுத்த கழகம் தயங்காது. பகுதிநேரக் கழகத்தில் முதல் வருடம் ஒப்பந்தமில்லா வீரராகப் பதிவதே நல்லது. மேலே இருக்கும் கழகம் ஒன்று கண் வைத்தால் ஏழு நாள் அறிவித்தலோடு அணுகலாம். இதன் மறுபக்கம் காயம். முழங்கால் தசைநார் அறுந்தால் ஏறத்தாழ ஒன்பது மாதம் ஆட்டம் இல்லை, ஆட்டக் காசும் இல்லை. கழகத்தின் காப்புறுதி எதைக் கொடுக்கும், ஸ்கேனுக்கு யார் காசு கட்டுவார் என்று கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள். பகல் வேலையில் நோய்விடுப்புச் சம்பளம் எத்தனை கிழமைக்கு என்பதையும் வேலை ஒப்பந்தத்தில் பாருங்கள், ஒன்பது மாதத்தில் அவனைத் தாங்கப்போவது அதுதான்.

சிறு தொல்லைகளும் உண்டு. கழகம் கொடுக்கும் காசு இரண்டாவது வேலையாகக் கணக்கில் வரும், பி.ஆர். வரிக் குறியீட்டில் முதல் பவுணிலிருந்தே 20 சதவீதம் போகும். கார் காப்புறுதியில் உதைபந்தாட்டத்தையும் தொழிலாகச் சொல்ல வேண்டும், மறைத்தால் விபத்தன்று அகப்படுவீர்கள். குளிர்காலத்தில் மைதானம் நனைந்து ஒத்திவைக்கப்படும் ஆட்டங்கள் மார்ச், ஏப்ரல் கிழமை நாட்களில் வந்து குவியும், பல்கலைக்கழக ஒப்படைகளும் அந்த நேரம்தான். தூர ஊர் ஆட்டத்துக்கு மத்தியானம் இரண்டு மணிக்கே புறப்பட வேண்டும், அரைநாள் விடுப்பைச் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள்.

இரண்டு வேர் இருப்பதால் வரும் கேள்விக்கு வருகிறேன். "இலங்கைக்கு ஆடலாமே" என்று சித்தப்பா சொன்னதில் பிழையில்லை. இலங்கை இரட்டைக் குடியுரிமையை அனுமதிக்கிறது, இந்தியா அனுமதிப்பதில்லை. நியூகாசிலில் வளர்ந்த இந்திய வம்சாவளி வீரர் மைக்கேல் சோப்ரா இந்தியாவுக்கு ஆட விரும்பியும் பிரிட்டிஷ் கடவுச்சீட்டை விடவேண்டியிருந்ததால் அது நடக்கவில்லை. லெஸ்டர் கழகத்தின் வீரர் ஹம்சா சௌத்ரி தாய்வழி உரிமையில் 2025 மார்ச் 25 அன்று ஷில்லாங்கில் பங்களாதேஷுக்கு இறங்கினார்.

அப்பாவின் பிறப்புச் சான்றிதழ் அவசியம். மகன் பிறந்த அன்று அப்பா இலங்கைக் குடிமகனா, அதற்குமுன்பே பிரிட்டிஷ் ஆகிவிட்டாரா என்பதில்தான் எந்தப் படிவம் என்று முடிவாகும். வம்சாவளிக் குடியுரிமைக்கு 22 வயதை ஒட்டி நிபந்தனை இருப்பதால் தூதரகத்தில் இந்த வருடமே விசாரியுங்கள். நட்பு ஆட்டம் ஆடினால் அவன் எந்த நாட்டுக்கும் கட்டுப்படுவதில்லை. மூன்றுக்கு மேல் மூத்த அணிப் போட்டி ஆட்டங்கள் ஆடினால் பிறகு இன்னொரு நாட்டுக்கு மாற முடியாது. தமிழீழ அணி ஆடும் கோனிஃபா, ஃபிஃபாவில் இடமில்லாத அணிகளின் அமைப்பு, ஃபிஃபாவைச் சேர்ந்ததல்ல, அதில் ஆடினால் எந்த வாசலும் அடைபடாது.

ஆனால் வேலையில் வருட விடுப்பு சட்டப்படி 28 நாள், அரச விடுமுறை எட்டையும் அதற்குள் அடக்கிவிடலாம். மிச்சம் இருபது. நாட்டு அணிகள் ஆடும் ஒரு சர்வதேச இடைவெளிக்குக் கொழும்பு போய்வந்தால் ஏழெட்டு வேலைநாள் போகும். வருடத்துக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. அதற்குமேல் அழைப்பு வந்தால் வேலைகொடுப்பவரிடம் கேட்க வேண்டியவன் அவன், நீங்கள் அல்ல.

மேலே போகும் வாசல் இதனால் மூடுமா என்று அவன் கேட்பான். கொல்கத்தாத் தாய்க்குப் பிறந்த நீல் டெய்லரை மான்செஸ்டர் சிட்டி சிறுவயதில் விடுவித்தது. பிறகு சேர்ந்த ரெக்ஸம் கழகம் லீக் டூவிலிருந்து கீழே விழுந்தபோதும் அங்கேயே ஆடினார், 2010-இல் ஸ்வான்சி வாங்கியது, 2016 யூரோவில் வேல்ஸுக்காக ரஷ்யாவுக்கு எதிராகக் கோல் போட்டார். ரெக்ஸம் முழுநேரக் கழகம் என்பதையும் சேர்த்தே அவனுக்குச் சொல்லுங்கள்.

பகுதிநேரக் கழகங்களின் முன்பயிற்சி ஜூன் கடைசியில் அல்லது ஜூலை தொடக்கத்தில் ஆரம்பிக்கும். அதற்குமுன் பழைய பயிற்சியாளர் இரண்டு மனேஜர்களுக்குத் தொலைபேசி எடுத்தால் போதும், அதை அவரிடம் மகனே கேட்கட்டும். அந்தக் கட்டடக்காரரின் விலைப்பட்டியல் இன்னும் வீட்டில் கிடந்தால் தேடி எடுத்து வையுங்கள். நேர்முகத்துக்கு அவன் அதைக் கொண்டுபோக வேண்டும்.