மணல் திட்டில் ஆழம் போனால் உப்புத்தான்

கேள்வி: மட்டக்களப்பு எழுவான்கரையில், கடலுக்கும் வாவிக்கும் நடுவே 18 பேர்ச் காணியில் வீடு கட்டியிருக்கிறோம். கிணறு 14 அடி. காணியைத் தை மாதத்தில் பார்த்து வாங்கினோம். அப்போது தண்ணீர் இளநீர் மாதிரி இருந்தது. இப்போது ஆவணி, தேத்தண்ணியே கரிக்கிறது. குழாய்க்கிணறு அடிப்பவர், 120 அடி போனால் பாறைக்குள் நல்ல தண்ணீர் இருக்கிறது என்று முற்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?
- களுவாஞ்சிகுடி வாசகி ஒருவர்

கொடுக்காதீர்கள். மற்றதை அப்புறம் பேசுவோம்.

உங்கள் வளவு நிற்பது அலையும் நீரோட்டமும் சில ஆயிரம் ஆண்டுகளாகக் கொண்டுவந்து குவித்த மணல் திட்டின் மேல். கிழக்கே வங்கக்கடல், மேற்கே வாவி. இரண்டு பக்கத்தாலும் உப்புநீர் மணலுக்குள் ஊறி நிற்கிறது. உங்கள் கிணற்றுக்கு வருகிற நல்ல தண்ணீர் உங்கள் ஊரில் பெய்த மழைதான். மலைநாட்டு ஊற்று வாவியைத் தாண்டி அடியால் வருகிறது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது, அதனால் அது பாரம். மழைநீர் அதன்மேல் மிதக்கிறது. அந்த மிதக்கும் நீரின் வடிவத்தை நினைக்க அப்பத்தைப் பாருங்கள்: நடுவில் தடிப்பு, ஓரத்தில் மெலிவு. கணக்கும் எளிதுதான். கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு அது இருக்கும். 1880களின் கடைசியில் ஒல்லாந்தில் கண்ட கணக்கு இது. அந்த நாட்டு மணல் மேட்டுக்கும் மாலைதீவுக்கும் நமது கரைக்கும் ஒரே கணக்குத்தான்.

இதையே திருப்பிப் பாருங்கள். நீங்கள் இறைத்து மேல்மட்டம் அரை அடி இறங்கினால், கீழேயிருந்து உப்பு 20 அடி ஏறி வரும். ஒரே நாளில் ஏறாது, ஆனால் ஏறும். அப்படியிருக்க 120 அடிக்குக் குழாய் இறக்குவது நல்ல தண்ணீரை ஓட்டை போட்டுக் கடந்து உப்புக்குள் கை விடுகிற வேலை.

ஆவணியில் மட்டும் ஏன் கரிக்கிறது? மார்கழியில் ஆசியக் கண்டம் குளிர்ந்து கிடக்கும்போது காற்று அங்கிருந்து கடலை நோக்கி வீசுகிறது, வங்கக்கடலில் ஈரத்தை அள்ளிக்கொண்டு நம்மிடம் மழையாக வருகிறது. வைகாசிக்குப் பிறகு காற்றுத் திசை மாறும். தென்மேல் காற்று தன் மழையை மலைநாட்டின் மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் இறங்கும்போது சூடேறிக் காய்ந்து கச்சான் காற்றாக வீசுகிறது. ஆவணி, புரட்டாதியில் உங்கள் அப்பம் ஆக மெலிந்து போயிருக்கும்.

காணித் தரகர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் தையிலும் மாசியிலும் காணி காட்டுகிறார்கள். கிணற்றில் ஒரு வாளி அள்ளி, "குடிச்சுப் பாருங்க" என்று கையில் தருவார்கள். மழை நின்ற கையோடு எந்தக் கிணறும் இனிக்கும். காணி பார்க்கிற எல்லோருக்கும் சொல்கிறேன்: கிணற்றைப் புரட்டாதியில் பாருங்கள். அவசரம் என்றால் பக்கத்து வளவுப் பெண்களிடம் கேளுங்கள், ஆவணியில் எங்கே தண்ணீர் எடுக்கிறீர்கள் என்று. தரகர் மறைத்ததை அவர்கள் ஒரு வரியில் சொல்லிவிடுவார்கள்.

துளை போடுகிறவருக்குக் கூலி அடிக்கணக்கில். தண்ணீர் உப்பானாலும் 120 அடிக்கும் காசு அவருக்குத்தான். "நான்கு மாதம் விடாமல் நல்ல தண்ணீர் வந்தால் மட்டும் பணம்" என்று ஒரு தாளில் எழுதிக் கையொப்பம் கேட்டுப் பாருங்கள். தேங்காயைக் கையில் வைத்து நீரோட்டம் பார்ப்பவரையும் அவரே அழைத்து வருவார். தேங்காய் நிமிர்ந்தாலும் விழுந்தாலும் அது உப்பைச் சொல்லாது.

அவர் ஒரு வாதம் வைப்பார், அதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மணலுக்கு அடியில் தடித்த களித்தட்டு இருந்தால், அதன் கீழே அடைபட்ட நல்ல தண்ணீர் இருக்கலாம். இது உண்மை, உலகில் பல கரைகளில் அப்படி எடுக்கிறார்கள். ஆனால் மூன்று விஷயம் சேர வேண்டும். களி ஓட்டையில்லாமல் விரிந்திருக்க வேண்டும். கீழே உள்ள நீருக்கு உள்நாட்டுப் பக்கத்திலிருந்து வரத்து வேண்டும். துளை போடும்போது மேல்நீரும் கீழ்நீரும் கலக்காமல் குழாயைச் சுற்றிச் சீமெந்து அடைக்க வேண்டும். ஒரு கைப்பிடி ஈரக்களியைக் காட்டி, "பாருங்க, தட்டு வந்துட்டுது" என்பார். கைப்பிடிக் களி தட்டாகாது. அதே ஒழுங்கையில், அதே ஆழத்தில், இரண்டு ஆவணி தாண்டியும் இனிக்கிற குழாய்க்கிணறு ஒன்றை அவர் காட்டட்டும். காட்டினால் மட்டும் யோசிக்கலாம்.

இனி உங்கள் கிணறு. போத்தல் ஒன்றில் கல் கட்டி, தக்கையில் வேறு நூல் கட்டி அடிக்கு இறக்குங்கள். தட்டியதும் நூலை இழுத்து நிரப்புங்கள். மேல்மட்டத்தில் இன்னொரு போத்தல் எடுங்கள். காலையில், மோட்டர் போடுவதற்கு முன் செய்யுங்கள். இரண்டையும் நாக்கில் வைத்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். மேல் இனித்து அடி கரித்தால் உங்கள் பிழை ஆழத்தில் அல்ல, இறைப்பில்தான். மோட்டர் குழாயின் நுனியில் உள்ள புட்வால்வு அடியில் கிடக்கும், அதை மேலே தூக்குங்கள். பெரிய மோட்டரை நிறுத்தி, சிறியதைக் காலையும் மாலையும் கொஞ்ச நேரம் போட்டுத் தாங்கியை மெதுவாக நிரப்புங்கள். நூறு லீற்றர் நல்ல தண்ணீரில் இரண்டு லீற்றர் கடல்நீர் கலந்தால் போதும், நாக்கு உடனே சொல்லும். கொதிக்க வைத்தால் உப்புப் போகாது. கூரை மழையைப் பீலி வைத்துக் கிணற்றடி மணலுக்கு விடுங்கள். புதிதாக வெட்டுவதென்றால் திட்டின் நடுப்பக்கம், அகலமாக, ஆழமில்லாமல், மலசலகூடக் குழிக்கு ஐம்பது அடி தள்ளி. நீர்வழங்கல் சபைக் குழாய் உங்கள் ஒழுங்கைக்கு வந்திருந்தால் குடிக்க அதை எடுங்கள்.

2004 சுனாமிக்குப் பிறகு இதே கரையில் உப்பான கிணறுகளை, உதவிக்கு வந்தவர் எல்லாம் திரும்பத் திரும்ப இறைத்தார்கள். இறைக்க இறைக்க அடியிலிருந்து உப்பு ஏறியது, கடைசியில் கிணறுகளைக் கழுவியது பருவமழைதான். இவ்வளவு வருடமாகியும் நான் கண்ட கிணற்றுச் சொந்தக்காரர் யார் கையிலும் ஒரு பக்கத் தமிழ் விளக்கம் இல்லை. தண்ணீர் பரிசோதனைக்குப் போத்தலோடு போன எனக்கு ஒரு அலுவலகம் இன்னொன்றைக் கைகாட்டியது, அது முதலாவதைக் காட்டியது. இந்த வெற்றிடத்தில்தான் முற்பணம் கேட்கிறவர் வந்து நிற்கிறார்.

ஐப்பசி மழைக்கு முன் ஒரு தடவை, தை முடிவில் ஒரு தடவை அதே போத்தல் வேலையைச் செய்து, திகதியோடு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அடுத்த ஆவணியில் மூன்றாம் தடவை எடுத்து மூன்றையும் எனக்கு அனுப்புங்கள்.