கொப்பியில் இருக்கும் ரயில்கள்

அன்புள்ள ஐயா,

நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன். கணவர் மூன்று வருடமாகத் தோஹாவில் வேலை. மகனுக்குப் பன்னிரண்டு வயது. முன்பெல்லாம் வாய் ஓயாமல் கதைப்பவன், இப்போது கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறான். கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் என்று மூன்று ரியூஷன். அது முடிந்து வந்தால் பல்கனியில் நின்று, போகிற வருகிற ரயிலை எல்லாம் ஒரு கொப்பியில் எழுதி நேரத்தை வீணாக்குகிறான். என் அண்ணா கனடாவில். இங்கே அவனோடு மனம்விட்டுக் கதைக்க ஒரு பெரியவர் இல்லை. வெளிநாடுகளில் பிள்ளைகளுக்கு வழிகாட்டத் தொண்டர்கள் முன்வருவார்களாமே. அப்படி ஒருவரைக் கொழும்பில் எங்கே தேடுவது? முன்பின் தெரியாதவரை நம்பலாமா?

ஒரு வாசகி (பெயர் வேண்டாம்)

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். இரண்டு தரமும் அந்தக் கொப்பியில்தான் போய் நின்றேன். யாரும் சொல்லாமல், பரீட்சைக்கு வராது என்று தெரிந்தும், ஒரு பிள்ளை தினமும் ஒன்றைக் கவனித்து எழுதுகிறான். காலு குமாரி ரயில் இன்றைக்கு எத்தனை நிமிடம் பிந்தியது, இப்போது போனது தனி எஞ்சின் இல்லாமல் தானே ஓடும் பவர்செட்டா எஞ்சின் பூட்டியதா என்றெல்லாம் அதில் இருக்கும் என்று நினைக்கிறேன். உங்களோடு கதைக்காத கதை முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது. தயவுசெய்து அதை நேரம் வீணாக்கல் என்று இனி அவனிடம் சொல்லாதீர்கள்.

என் பதினைந்தாவது வயதில் கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையில் ஓய்வுபெற்ற புரூஃப் ரீடர் ஒருவர் இருந்தார். வீட்டுக்கு வேலை எடுத்து வந்து திருத்துவார். நான் மூலப்பிரதியைச் சத்தமாக வாசிக்க வேண்டும், அவர் அச்சுத்தாளில் பிழை பார்ப்பார். இரண்டு வருடம். படி, முன்னேறு என்று ஒருநாளும் அவர் சொன்னதில்லை. ஒரு வரியில் நான் தடக்கினால், "தம்பி, அந்த வசனம் உனக்கு விளங்கினதோ?" என்று மட்டும் கேட்பார். இன்றைக்கும் எழுதியதைச் சத்தமாக வாசித்துப் பார்க்காமல் நான் வெளியிடுவதில்லை. உங்கள் மகனுக்கும் இப்படி, பக்கத்தில் இருந்து ஒரே வேலையைப் பார்க்கிற பெரியவர் ஒருவர்தான் வேண்டும்.

கொழும்பில் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். தெமட்டகொடை எஞ்சின் ஷெட்டிலும் இரத்மலானை வேலைத்தளத்திலும் காலம் முழுக்க உழைத்து ஓய்வுபெற்றவர்களில் தமிழர்களும் உண்டு. உங்கள் ஃபிளாட்டிலேயே விசாரித்துப் பாருங்கள். 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கம் உங்களுக்கு நடை தூரம். அதன் நூலகத்தில் நாலு பேரிடம் கேட்டால் ஒருவருக்காவது ரயில்வேயில் இருந்த ஒரு மாமாவைத் தெரிந்திருக்கும். கோயில் அறநெறிப் பாடசாலையிலும் கேட்கலாம். பாடசாலையில் சாரணர் குழு இருந்தால் அதையும் பாருங்கள். இலங்கையில் சாரணியம் 1912இலேயே வந்துவிட்டது. அதை நடத்துகிறவர்கள் சம்பளம் வாங்காமல் சனிக்கிழமைகளைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பவர்கள். நீங்கள் கேட்கும் தொண்டர்கள் என்று நான் முதலில் அவர்களைத்தான் சொல்வேன்.

கேட்கிற விதமும் முக்கியம். "என் மகனுக்கு வழிகாட்டுங்கள்" என்றால் நல்ல மனிதர்கூடப் பயந்து பின்வாங்குவார். "ஞாயிறு காலை ஒரு மணித்தியாலம் இவனுடைய ரயில் கொப்பியைப் பார்த்துக் கதைக்க முடியுமா?" என்று கேளுங்கள். கூடவே, ஒரு வருடத்துக்கு முடியுமா என்றும் கேளுங்கள். இதைக் கூச்சப்படாமல் கேட்க வேண்டும்.

ஏன் ஒரு வருடம் என்கிறேன் என்றால், நான் ஒரு தப்புச் செய்தேன். பல வருடங்களுக்கு முன்னர் கொழும்பில் ஒரு சிறுவர் இல்லத்துக்குச் சனிக்கிழமைகளில் போய், பத்து வயதுப் பெடியன் ஒருவனுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுத்தேன். ஏழு கிழமை போனேன். பிறகு வேலை கூடியது, நின்றுவிட்டேன். நாலைந்து மாதம் கழித்துப் போனபோது அவன் கோபிக்கவில்லை. "மாமா" என்று கூப்பிட்டவன் "சேர்" என்றான். அதற்கு மேல் ஒன்றும் கதைக்கவில்லை. அந்தச் "சேர்" இன்னும் என் காதில் இருக்கிறது.

நீங்கள் கேள்விப்பட்டது அமெரிக்காவின் பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ் போன்ற அமைப்பாக இருக்க வேண்டும். 1904இல் நியூயோர்க் சிறுவர் நீதிமன்றத்தில் பணியாற்றிய ஏர்னெஸ்ட் கூல்ட்டர், வழக்குக்கு வரும் பிள்ளைகளோடு ஆளுக்கொரு பெரியவர் நண்பராக இருக்க வேண்டும் என்று கேட்டதில் தொடங்கியது. அந்த அமைப்பின் பிள்ளைகளை வைத்து 2002இல் வெளியான ஓர் ஆய்வு, உறவு ஒரு வருடமோ அதற்கு மேலோ நீடித்த பிள்ளைகள்தான் அதிக நன்மை பெற்றார்கள் என்றது. மூன்று மாதத்துக்குள் முறிந்த இடங்களில் பிள்ளைகளின் தன்மதிப்பு முன்பு இருந்ததைவிடக் குறைந்திருந்தது. அதை வாசித்தபோது எனக்கு அந்தப் பெடியனின் முகம்தான் வந்தது. இடையில் விட்டுப் போகக்கூடியவர் என்றால், எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் வேண்டாம்.

முன்பின் தெரியாதவரை நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உடனே நம்ப வேண்டியதில்லை. அவரை அறிந்த இரண்டு குடும்பங்களிடம் விசாரியுங்கள். சந்திப்பு நூலகம், ஸ்டேஷன் பெஞ்ச் போல நாலு பேர் பார்க்கிற இடத்தில் நடக்கட்டும். முதல் மாதங்களில் நீங்களும் தள்ளி இருந்து ஒரு பத்திரிகை வாசியுங்கள். தனி அறை வேண்டாம், உங்களுக்குத் தெரியாத போன் மெசேஜ் வேண்டாம், பெரிய பரிசுகள் வேண்டாம். "அம்மாவிடம் சொல்லாதே" என்று யார் எதைச் சொன்னாலும் அன்றைக்கே வந்து சொல்ல வேண்டும் என்று மகனிடம் தெளிவாகச் சொல்லிவையுங்கள். நல்ல மனிதர் இதற்கெல்லாம் கோபிக்கமாட்டார். கோபித்தால் அவரை விட்டுவிடுங்கள். ஏதும் தவறாகப் பட்டால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அழைக்கலாம்.

மூன்று ரியூஷனில் ஒன்றை நிறுத்தினால் ஞாயிறு காலை கிடைக்கும். எதை என்று அவனிடமே கேளுங்கள்.

இன்னொன்று. 1954இல் கனடா நமக்குத் தந்த எம்2 எஞ்சின்களுக்கு அந்த நாட்டு மாகாணங்களின் பெயர்களையே வைத்தார்கள். ஒன்டாரியோ, அல்பேர்ட்டா என்று. இது அவனுக்குத் தெரிந்திருக்கலாம். கனடாவில் இருக்கும் மாமாவுக்குத் தெரியுமா என்று அவனையே போனில் கேட்கச் சொல்லுங்கள். தோஹாவில் இருந்து அப்பா எடுக்கும்போது, பாடத்தைக் கேட்பதற்கு முன் இன்றைக்கு என்ன ரயில் போனது என்று கேட்கட்டும்.

அதற்கெல்லாம் முன்னர், இன்றைக்குப் பின்னேரம் நீங்கள் பல்கனிக்குப் போய் அவன் பக்கத்தில் நில்லுங்கள். கொப்பியைப் பார்க்கலாமா என்று கேளுங்கள். அவன் காட்டினால், முதல் பக்கத்தில் எழுதியிருக்கும் எஞ்சின் இலக்கம் என்ன என்று எனக்கும் எழுதுங்கள்.