525 மடங்கு என்று பெட்டியில் போட்டிருக்கிறதே, வாங்கலாமா?

கேள்வி: பன்னிரண்டு வயது மகளுக்கு வானம் பார்ப்பதில் கொள்ளை ஆசை. ஆன்லைனில் 70 மி.மீ. டெலஸ்கோப் ஒன்றை '525 மடங்கு பெரிதாக்கும்' என்று விளம்பரம் செய்கிறார்கள். பெட்டியின் மேல் வண்ணமயமான கேலக்ஸி படம். பத்தாயிரம் ரூபாய்க்குள் முடிக்கப் பார்க்கிறேன். இதை வாங்கலாமா?
- ஒரு தந்தை, விருதுநகர்

பதில்: 525 என்ற எண்ணை நம்பி வாங்காதீர்கள். அது எப்படி வருகிறது என்று பாருங்கள். இந்த வகைக் குழாய்களின் குவியத் தூரம் (முகப்பு லென்ஸிலிருந்து ஒளி குவியும் இடம் வரையுள்ள தூரம்) பெரும்பாலும் 700 மி.மீ. கூடவே கொடுக்கும் சின்ன ஐபீஸ், அதாவது கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ், 4 மி.மீ. 700-ஐ 4-ஆல் வகுத்தால் 175. அதோடு 3 மடங்கு கூட்டிக் காட்டும் பார்லோ என்ற இடை லென்ஸைச் செருகினால் 525. கணக்கு சரிதான், ஆனால் அந்த அளவில் தெளிவான காட்சி கிடைக்காது. முகப்பு லென்ஸின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து இரண்டால் பெருக்குங்கள். உருப்படியாகப் பார்க்க முடிந்த உச்சம் அவ்வளவுதான். 70-க்கு 140. அதைத் தாண்டினால் சனிக்கிரகம் பெரிதாகும், ஆனால் மங்கிக் கலங்கிப் போகும். ஸ்டாண்ட் ஒல்லியாக இருந்துவிட்டால் இன்னும் மோசம். ஃபோகஸ் திருப்பக் கை வைத்ததுமே சனி கண்ணை விட்டு ஓடிவிடும்.

கடைக்காரரிடம் முதலில் விட்டம் எவ்வளவு, ஸ்டாண்ட் எவ்வளவு உறுதி என்று கேளுங்கள். குழாய்க்குள் வரும் ஒளி விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்துக் கூடும். 150 மி.மீ. ஆடி, 70 மி.மீ. லென்ஸைவிட நாலரை மடங்கு ஒளியைச் சேர்க்கும். கேலக்ஸி பார்க்க இதுதான் முக்கியம். ஆந்த்ரோமெடா கேலக்ஸி வானத்தில் சின்னதே இல்லை. முழு நிலாவைப் போல் ஆறு மடங்கு அகலம் விரிந்து கிடக்கிறது. நம் கண்ணுக்கு எளிதில் படாததற்குக் காரணம் அதன் மங்கல். அதை 525 மடங்கு பெரிதாக்கினால் இருக்கிற வெளிச்சமும் பரவி மறைந்துவிடும்.

பெட்டியின் மேல் இருக்கும் படத்தைப் பற்றி மகளிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். அவை கேமராவை நீண்ட நேரம் திறந்து வைத்து ஒளியைச் சேர்த்து எடுத்தவை. மங்கலான ஒளியில் நம் கண்ணுக்கு நிறம் தெரியாது. எந்த வீட்டு டெலஸ்கோப்பிலும் ஆந்த்ரோமெடா சாம்பல் நிறப் புகைத் திட்டாகத்தான் இருக்கும். இதைச் சொல்லாமல் விட்டால் முதல் நாளே குழந்தைக்கு ஏமாற்றம், பிறகு டெலஸ்கோப் பரணில் கிடக்கும். சொல்லிவிட்டுக் காட்டுங்கள்: அந்தத் திட்டிலிருந்து இப்போது கண்ணுக்குள் விழும் ஒளி கிளம்பி ஏறத்தாழ 25 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. பன்னிரண்டு வயதில் இதைத் தன் கண்ணால் பார்ப்பது பெரிய விஷயம். அதற்காகவே உங்களுக்கு இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

உங்கள் பட்ஜெட்டில் என் பரிந்துரை 10x50 பைனாகுலர் (10 மடங்கு பெரிதாக்கும், முகப்பு லென்ஸ் 50 மி.மீ.). நல்லதாகவே கிடைக்கும், மிச்சமும் இருக்கும். நவம்பர் இரவில், நிலா இல்லாத நாளாகப் பார்த்து, ஊருக்கு வெளியே விளக்கு வெளிச்சம் படாத இடத்தில் வடக்குப் பக்கம் ஆந்த்ரோமெடாவைத் தேடலாம். கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் இதில் மனதை அள்ளிக்கொண்டு போகும். கையை எதிலாவது ஊன்றிக்கொண்டால் வியாழனின் நான்கு பெரிய நிலாக்களும் தெரியும். இரண்டு வருடம் கழித்தும் ஆசை குறையாமல் இருந்தால் 6 அங்குல டாப்சோனியன் (எளிய பெட்டி ஸ்டாண்டில் அமர்ந்த, ஆடி வைத்த டெலஸ்கோப்) வாங்கிக் கொடுங்கள். சனியின் வளையத்தை உடனே பார்த்தே ஆக வேண்டும் என்றால் அந்த 70 மி.மீ. டெலஸ்கோப்பே போதும். 25, 10 மி.மீ. ஐபீஸ்களும் ஆடாத ஸ்டாண்டும் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. பெட்டிக்குள் ஐபீஸில் திருகி மாட்டும் சின்னக் கறுப்பு 'சன் ஃபில்டர்' இருந்தால் அன்றைக்கே உடைத்துக் குப்பையில் போடுங்கள். சூரியனின் வெப்பம் முழுவதும் குவியும் இடம் அது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே விரிசல் விட்டால் கண் போய்விடும். குழாயின் முன்பக்க வாயை முழுதாக மூடும் தரமான ஃபில்டர் இல்லாமல் சூரியன் பக்கம் திருப்பவே கூடாது.

கேள்வி: இதே போன்ற விளம்பரத்தை நம்பி வாங்கிவிட்டேன். சொன்ன அளவில் பாதிகூடத் தெளிவாகத் தெரியவில்லை. 'பிரித்த பொருளைத் திருப்பி எடுக்க மாட்டோம்' என்கிறார் விற்றவர்.
- ஒரு வாசகர், ஓசூர்

பதில்: அப்படிச் சொல்ல அவருக்கு உரிமை இல்லை. 2020-இன் மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான பொருளைத் திரும்ப எடுக்கவோ பணத்தைத் தரவோ விற்பவர் மறுக்க முடியாது. விளம்பரப் பக்கத்தை இப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நாளைக்கு அந்த வரி அங்கே இல்லாமல் போகலாம். ஐபீஸ், பார்லோ, குவியத் தூரம், விட்டம் நான்கையும் குறிப்பிட்டு எழுத்தில் புகார் அனுப்புங்கள். 'தெளிவில்லை' என்று மொட்டையாக எழுதுவதைவிட '70 மி.மீ. விட்டத்துக்கு 525 மடங்கு என்று விளம்பரம் செய்திருக்கிறீர்கள்' என்று எழுதினால் பதில் சொல்லியாக வேண்டும். அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, இணையம் வழியாகவே மனு கொடுக்கலாம். இரண்டு வருடத்துக்குள் செய்துவிடுங்கள்.

கேள்வி: 2029-இல் பூமியை நெருங்கி வரும் அபோஃபிஸ் சிறுகோளைப் பார்க்க இப்போதே பெரிய டெலஸ்கோப் வாங்கி வைக்கச் சொல்கிறார் ஒரு விற்பனையாளர்.
- ஒரு ஆசிரியை, தஞ்சாவூர்

பதில்: அதற்காக ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டாம். சுமார் 340 மீட்டர் அளவுள்ள அந்தக் கல் பூமிப் பரப்பிலிருந்து ஏறத்தாழ 32,000 கி.மீ. தூரத்தில் கடக்கும். தொலைக்காட்சிச் செயற்கைக்கோள்கள் சுற்றும் 36,000 கி.மீ. உயரத்தைவிட அருகில். மிக நெருங்கும் நேரம் நம் கடிகாரத்தில் ஏப்ரல் 14 அதிகாலை. ஐரோப்பா, ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியா பகுதிகளில் வெறும் கண்ணுக்கே தெரியும். உச்ச வேகத்தில் ஒரு நிமிடத்துக்குள் நிலாவின் அகலத்தையே கடந்துவிடும். பெரிய டெலஸ்கோப்பின் குறுகிய பார்வையில் அதைத் துரத்திப் பிடிப்பதுதான் சிரமம். மோதும் என்று பயமுறுத்தி விற்றால் நம்பாதீர்கள்; அடுத்த நூறு ஆண்டுகளுக்கு அந்த அபாயம் இல்லை என்று 2021-இலேயே நாசா கணித்துச் சொல்லிவிட்டது.

மாணவர்களுக்குச் சிறுகோள் காட்ட வேண்டுமென்றால் 2029 வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. வெஸ்டா என்ற சிறுகோள் பூமிக்கு அருகில் வரும் மாதங்களில் பைனாகுலரில் ஒரு நட்சத்திரம் போலத் தெரியும். அக்கம்பக்க நட்சத்திரங்களோடு சேர்த்து நோட்டில் வரையச் சொல்லுங்கள். நாலு நாள் கழித்து மறுபடி வரைந்தால் ஒரு புள்ளி மட்டும் இடம் மாறியிருக்கும். திருப்பத்தூர் மாவட்டம் காவலூர் வானாய்வகத்தில் நம் விஞ்ஞானிகள் 1988-இல் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்ததும் இப்படி இடம் மாறும் புள்ளியைத் தேடித்தான். அதற்குக் கணிதமேதை ராமானுஜன் பெயரை வைத்திருக்கிறார்கள்.

கேள்வி: திருமண நாளுக்கு மனைவி பெயரில் ஒரு நட்சத்திரம் வாங்கலாமா? சான்றிதழ் தருகிறார்கள்.
- ஒரு வாசகர், கோவை

பதில்: நட்சத்திரங்களுக்கு முறைப்படி பெயர் சூட்டுவது சர்வதேச வானியல் ஒன்றியம் மட்டுமே, அது பெயர்களை விற்பதில்லை. நீங்கள் வாங்குவது அச்சடித்த தாள். அந்தப் பணத்தில் இருவரும் காவலூருக்குப் போய் வாருங்கள். சனிக்கிழமைகளில் பார்வையாளர்களை அனுமதிப்பது வழக்கம், விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

கேள்வி: பழைய 127 மி.மீ. டெலஸ்கோப், இக்வடோரியல் ஸ்டாண்டோடு குறைந்த விலைக்கு வருகிறது. எதைப் பார்த்து வாங்க வேண்டும்?
- ஒரு கல்லூரி மாணவர், நாகர்கோவில்

பதில்: குவியத் தூரம் 1000 மி.மீ. என்று எழுதியிருந்து, குழாய் அரை மீட்டர்தான் இருந்தால் விட்டுவிடுங்கள். உள்ளே ஒரு கூடுதல் லென்ஸை வைத்து நீளத்தைச் சரிக்கட்டியிருப்பார்கள்; ஆடிகளை நேராக்குவதே பெரும்பாடு. அந்த ஸ்டாண்டும் உங்கள் ஊருக்கு எளிதில் பொருந்தாது. வானம் சுழலும் போக்கிலேயே திரும்ப, அதன் அச்சை துருவ நட்சத்திரத்தை நோக்கி வைக்க வேண்டும். நாகர்கோவிலில் அது அடிவானத்திலிருந்து எட்டு டிகிரி உயரம்தான். அவ்வளவு தாழ்த்தினால் பல ஸ்டாண்டுகளில் எடைக்கல் காலில் இடிக்கும். வேறு எதை வாங்கினாலும் பகலில் டார்ச் அடித்து லென்ஸைப் பாருங்கள். சிலந்தி வலை போல வெள்ளை இழை தெரிந்தால் அது பூஞ்சை. கடலோரக் காற்றில் அது சீக்கிரம் வரும். வாங்கிய பிறகு சிலிக்கா ஜெல் பைகளோடு மூடி வையுங்கள், ஆடியைத் துணியால் துடைக்காதீர்கள்.