பண்டைக் கிரேக்க மதத்தை ஆராய்ந்த வால்டர் புர்க்கெர்ட்டை எந்த நூலிலிருந்து படிக்கத் தொடங்கலாம்?

1977-இல் ஜெர்மனிலும் 1985-இல் ஆங்கிலத்திலும் வந்த 'கிரேக்க மதம்' நூலிலிருந்து. கோயில், பலி, திருவிழா, ஈமச்சடங்கு எல்லாம் சான்றோடு அதில் இருக்கின்றன. பெயர் பெற்றதாயிற்றே என்று 'ஹோமோ நெகான்ஸ்' ('கொல்லும் மனிதன்', 1972) நூலை முதலில் எடுத்தால் திணறிப்போவீர்கள்.

1931-இல் ஜெர்மனியின் பவேரியாவில் பிறந்தவர், 1969 முதல் 1996 வரை சூரிச்சில் பேராசிரியர், 2015-இல் காலமானார். அடிப்படையில் கிரேக்க மொழி அறிஞர். 1962-இல் வந்த பித்தாகரஸ் ஆய்விலேயே, பிளேட்டோவின் வழிவந்தவர்கள் தங்கள் கருத்துகளைப் பித்தாகரஸ் தலையில் ஏற்றியதைப் பிரித்துக் காட்டிவிட்டார்.

அவர் பெயர் நிலைத்தது கிரேக்கர்களின் விலங்குப் பலி பற்றிய ஆய்வில். கூடையில் பார்லி மணிக்கு அடியில் கத்தி மறைந்திருக்கும். விலங்கின் மேல் தண்ணீர் தெளிப்பார்கள். தலையை ஆட்டினால் சம்மதம். (கிடாவெட்டில் ஆடு துலுக்குவதற்குக் காத்திருப்பது நினைவுக்கு வரும். அதை வைத்து வரலாற்றுத் தொடர்பு கட்டிவிட வேண்டாம்.) நெற்றி மயிரை அறுத்து நெருப்பிலிடுவார்கள். வெட்டு விழும்போது பெண்கள் குலவையிடுவார்கள். கொழுப்பு சுற்றிய தொடையெலும்பு தெய்வத்துக்கு எரியும். ஈரல், இதயத்தைச் சுட்டு, பலியை நடத்தியவர்கள் முதலில் உண்பார்கள். மற்ற இறைச்சி வெந்து பந்திக்குப் போகும்.

கொன்ற குற்ற உணர்வை ஆற்றும் ஏற்பாடு இது, அதன் வேர் பழங்கற்கால வேட்டையில் என்பது அவர் வாதம். சுவிஸ் அறிஞர் கார்ல் மியூலி 1946-இல் தொடங்கிவைத்த வழி அது. ஏதென்ஸின் பூஃபோனியா என்ற எருதுப் பலிச் சடங்கு இதற்கு வசதியான சான்று: எருதை வெட்டியவன் ஓடிவிடுவான், விசாரணையில் பழி கடைசியில் கத்தி மேல் விழும், கத்தியைக் கடலில் எறிவார்கள், எருதின் தோலில் வைக்கோல் அடைத்து ஏரில் பூட்டுவார்கள்.

இடறுவது இங்கேதான். அந்த விரிவான வருணனை கி.பி. 3-ஆம் நூற்றாண்டுத் தத்துவவாதி போர்ஃபிரி வழியாக வருவது. அவர் அதைக் கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த, அரிஸ்டாட்டிலின் மாணவர் தியோஃபிராஸ்டஸிடமிருந்து எடுத்தார். போர்ஃபிரியின் நூலோ சைவ உணவுக்கு வாதாடுவது; அதில் கொலை பாவமாகத் தெரிவதில் வியப்பில்லை. குவளை ஓவியங்களிலோ கயிறு கட்டி இழுத்துவரும் காளைகளும் உண்டு. கல்வெட்டுகள் பெரும்பாலும் விலை, பங்கு, தோல் யாருக்கு என்றே பேசுகின்றன. குற்ற உணர்வுக் கோட்பாட்டை இன்று பலர் ஏற்பதில்லை. என் கணிப்பில் சடங்கு விவரிப்புக்கு அவரை நம்பலாம், தோற்றக் கதைக்கு அவ்வளவாக இல்லை.

அடுத்து, கிரேக்கப் பண்பாட்டில் மெசபொத்தேமியா உள்ளிட்ட மேற்காசியத் தாக்கம் பற்றிய அவருடைய 1984 ஆய்வுக்குப் போங்கள். படிக்கும்போது ஒவ்வொரு அடிக்குறிப்பிலும் மூலத்தின் நூற்றாண்டை ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.