இன்ட்ரான் ஓரத்து எழுத்துகள்: கேள்வி பதில்

தெம்பனீஸ், தொடக்கக் கல்லூரி மாணவி: ஆசிரியை, வெட்டி எறியப்படும் இன்ட்ரானில் இயற்கைத் தேர்வுக்கு என்ன வேலை?

மரபணுவின் ஆர்என்ஏ நகலிலிருந்து வெட்டி நீக்கப்படும் துண்டுதான் இன்ட்ரான். எங்கே வெட்டுவது என்று செல்லுக்குத் தெரிய வேண்டாமா, அம்மா? டிஎன்ஏவின் எழுத்துகளில் இன்ட்ரான் ஜிடி என்று தொடங்கி ஏஜி என்று முடியும். நம் இன்ட்ரான்களில் ஏறத்தாழ 99 சதவீதம் அப்படித்தான். அவற்றில் ஓரெழுத்து பிசகினாலும் பெரும்பாலும் புரதம் கெடும். ஆகவே தேர்வு அவற்றை அசையவிடுவதில்லை. நடுப்பகுதி பெரும்பாலும் தன்போக்கில் மாறும். இன்னொன்று: முடிவுக்குச் சற்று முன்பு கிளைப்புள்ளி என்ற இடம் உண்டு. அதைத் தாண்டி வரும் முதல் ஏஜியையே வெட்டும் இயந்திரம் பொதுவாகப் பிடித்துக்கொள்ளும். அதனால் இடைப்பட்ட பகுதியில் வேறு ஏஜி அபூர்வம். போலிகளையும் தேர்வு களைந்துவிடுகிறது.

ஈசூன்: இன்ட்ரானைக் கண்டுபிடித்தவர் யார்?

பிலிப் ஷார்ப், ரிச்சர்ட் ராபர்ட்ஸ் ஆகியோரின் குழுக்கள், 1977இல். நோபல் 1993இல்.

செங்காங்: என் மரபணு அறிக்கையில் 'ஸ்பிளைசிங் மாற்றம்' என்றிருக்கிறது. ஆபத்தா?

ஸ்பிளைசிங் என்பது இன்ட்ரானை வெட்டி மீதியை ஒட்டும் இந்த வேலைதான். அறிக்கையை எடுத்துக்கொண்டு மரபியல் ஆலோசகரிடம் போங்கள். இணையத்தில் யாரிடமும் கேட்காதீர்கள், என்னிடமும்தான்.

ஜூரோங், மென்பொருள் பொறியாளர்: அக்கா, ஈஸ்ட்டில் வெட்டிடக் குறிகள் ஒழுங்காக இருக்கின்றன, மனிதரில் ஏன் இவ்வளவு தளர்வு?

இதற்காகத்தான் காத்திருந்தேன். ரொட்டி ஈஸ்ட்டில் ஏறத்தாழ 6,000 மரபணுக்களுக்கு 300 இன்ட்ரான்கள்தாம். கிளைப்புள்ளியில் பெரும்பாலும் அதே ஏழெழுத்து. நம் கிளைப்புள்ளியோ ஆளுக்கொரு விதம். ஈஸ்ட்டின் கூட்டம் மிகப் பெரிது. அங்கே அற்பக் குறையும் தேர்வின் கண்ணில் படும். நம் முன்னோரின் கூட்டம் மரபியல் கணக்கில் நெடுங்காலம் ஏறத்தாழ 10,000 பேர்தான். சிறு குறைகளின் தலையெழுத்தை அங்கே தற்செயலே எழுதியது. பரிணாம உயிரியலாளர் மைக்கேல் லிஞ்ச் வலியுறுத்தும் வாதம் இது.

ஜூரோங், மீண்டும்: தளர்வு இருப்பதால்தானே ஒரு மரபணுவிலிருந்து பல புரதங்கள் கிடைக்கின்றன? அதற்காகவே தேர்வு அதை வைத்திருக்கலாமே!

பயன்படுகிறது என்பதும், பயனுக்காக வந்தது என்பதும் வேறு, தம்பி. சில மரபணுக்களில் நீங்கள் சொல்வது சரி. எல்லாவற்றுக்கும் அதையே விளக்கமாக்காதீர்கள்.

பிடோக்: என் அறிக்கையிலும் ஸ்பிளைசிங்...

செங்காங் அன்பருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

ஜூரோங், மூன்றாவது முறை: சரி. தவறாக வெட்டவைக்கும் மாற்றம் எப்போதும் ஒழிக்கப்படும்தானே?

அதுவும் இல்லை. நம் வட்டாரத்திலேயே சான்று இருக்கிறது: ஹீமோகுளோபின் ஈ என்ற இரத்தப் புரத வகை. அதன் ஒரு பகுதியைத் தரும் பீட்டா குளோபின் மரபணுவின் 26ஆவது மூன்றெழுத்துக் குறியீட்டில் ஜிஏஜி, ஏஏஜி ஆகிறது. அமினோ அமிலம் மாறுவதோடு, எக்ஸானுக்குள், அதாவது வெட்டாமல் வைத்துக்கொள்ளும் துண்டுக்குள், உறங்கிய போலி வெட்டிடமும் விழிக்கிறது. ஆர்என்ஏவில் ஒரு பங்கு தவறாக வெட்டப்பட்டு, புரதம் குறைகிறது. ஆனாலும் தென்கிழக்காசியாவில் இது பரவலாக உள்ளது. மலேரியாவுக்கு எதிரான காப்பே காரணம் என்பது பெரும்பாலோர் கருத்து. தேர்வு பார்த்தது மாற்றத்தின் மொத்த விளைவைத்தான். வெட்டுப் பிழையை மட்டும் பிரித்து எடைபோடவில்லை. நான்காவது கேள்வி இருந்தால் அடுத்த அமர்வுக்கு வைத்திருங்கள், மற்றவர்களும் கேட்கட்டும்.

உட்லண்ட்ஸ்: ஐயம் ஒன்று. என் அறிக்கையில்...

ஆலோசகர்!